மணி வடிவில் ஒரு சின்னம்: பணிப்பட்டையில் வந்து உட்கார்ந்திருப்பது யார்?

சிங்கப்பூரிலிருந்து வந்த கேள்வி சுருக்கமாக இதுதான். வீட்டில் எல்லாரும் மாறி மாறிப் பயன்படுத்தும் விண்டோஸ் மடிக்கணினி. சில நாள்களாகத் திரையின் அடியிலுள்ள பணிப்பட்டையில் (டாஸ்க்பார்), வலது கீழ் மூலையில் சின்ன மணி போன்ற ஒரு சின்னம் தெரிகிறது. முன்பு இருந்ததில்லை. சில நேரம் சாம்பல் நிறம், சில நேரம் மஞ்சள். உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள் ஆங்கிலக் கட்டுரை தட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று எழுத்தெல்லாம் தமிழாகிவிட்டது. யாரைக் கேட்டாலும் “நான் எதையும் நிறுவவில்லை” என்கிறார்கள். இது வைரஸா? இந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது என்னவென்று உறுதியாகும்வரை அந்தக் கணினியில் வங்கி வேலை வேண்டாம், கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி பதற வேண்டியதில்லை.

என் ஊகம், அது ‘என்எச்எம் ரைட்டர்’. சென்னையின் நியூ ஹொரைசன் மீடியா நிறுவனம் இலவசமாக வெளியிட்ட தமிழ்த் தட்டச்சு மென்பொருள். அதன் சின்னமே மணிதான். தமிழ் விசைப்பலகை அணைந்திருக்கும்போது வெள்ளி நிறத்தில் இருக்கும், இயங்கும்போது பொன்னிறமாகும். ஆல்ட் விசையோடு ஓர் எண்ணைச் சேர்த்து அழுத்தினால் தமிழ் வந்துவிடும். ஆல்ட்டோடு பூஜ்யத்தை அழுத்தினால் மறுபடி ஆங்கிலம். உங்கள் மகள் வேறு எதற்கோ ஆல்ட்டை அழுத்தியபோது விரல் எண்ணின் மீதும் பட்டிருக்க வேண்டும். “மாமனார் இப்போதெல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தமிழில் நீள நீளமாக எழுதுகிறார்” என்று கேள்வியின் நடுவே போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் அங்கேதான் போகிறது. அவர் தாமே நிறுவியிருக்க மாட்டார். வார இறுதியில் வந்துபோன பேரனோ மருமகனோ செய்துகொடுத்திருப்பான். பெரியவர்களைப் பொறுத்தவரை அது ‘நிறுவியது’ ஆகாது, ‘தம்பி ஏதோ சரிசெய்து கொடுத்தது’. அதனால் வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

மகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் ‘தி’ என்ற சொல்லை, அதாவது டி, எச், இ என்ற மூன்று எழுத்துகளைத் தட்டியபோது திரையில் என்ன வந்தது? ‘தெ’ என்று வந்திருந்தால் அது ஒலிபெயர்ப்பு விசைப்பலகை, அதாவது ஆங்கில எழுத்தின் ஒலிக்கேற்ற தமிழைத் தருவது. ‘ஏகூ’ என்று வந்திருந்தால் தமிழுக்கென்றே வடிவமைத்த தமிழ்99 விசைப்பலகை. அதில் டி விசையில் ஏகாரம், எச் விசையில் ககரம், இ விசையில் ஊகாரம் இருக்கின்றன. கட்டுரை முழுக்க ‘ஏகூ, ஏகூ’ என்று வந்து நின்றிருந்தால் பிள்ளை பயந்ததில் வியப்பில்லை. எப்படியானாலும் இப்படி ஒழுங்காக ஒவ்வொரு விசைக்கும் ஒரே எழுத்து வருவது வைரஸின் வேலை அல்ல. யாரோ யோசித்து வடிவமைத்த விசைப்பலகையின் வேலை.

ஆனால் ஊகம் ஊகம்தான். மணி வடிவம் என்எச்எம் ரைட்டருக்கு மட்டும் சொந்தமில்லை. விண்டோஸ் 11இல் கடிகாரத்தையும் தாண்டி, ஆக வலது ஓரத்தில் ஒரு மணி இருக்கும். அது அறிவிப்புகளுக்கானது. ‘தொந்தரவு செய்யாதே’ என்ற வசதியை இயக்கினால் அதே மணி தூங்குவதுபோல் ஆங்கில எழுத்து இசட்டைச் சேர்த்துக்கொள்ளும். இவை விண்டோஸின் சொந்தப் பிள்ளைகள். கடிகாரத்துக்கு இடப்பக்கம், ஒலிபெருக்கி, வைஃபை சின்னங்களின் வரிசையில் அல்லது மேல்நோக்கிய சின்ன அம்புக்குறியை அழுத்தினால் திறக்கும் பெட்டிக்குள் இருப்பவைதான் வெளியிலிருந்து வந்தவையாக இருக்கக்கூடும். ஆகவே படத்தைப் பார்ப்பதற்கு முன் இடத்தைப் பாருங்கள்.

இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பணிப்பட்டையில் புதிதாக ஒன்று தெரிந்தால் எல்லாரும் செய்வது அதைப் படமெடுத்து, “இது என்ன?” என்று நாலு பேருக்கு அனுப்புவது. நாலு பேரும் நாலு பதில் சொல்வார்கள். படம் ஒரு சான்றே அல்ல. மென்பொருளை எழுதுகிறவர் எந்தப் படத்தை வேண்டுமானாலும் அதற்கு ஒட்டலாம். கேடயத்தை ஒட்டிக்கொண்ட கேடான நிரல்களும் உண்டு, மண்டை ஓட்டை ஒட்டிக்கொண்ட சாதுவான விளையாட்டுகளும் உண்டு. கேட்க வேண்டியவை மூன்று: இந்தச் சின்னத்தைப் போட்ட கோப்பு எது, அது கணினியில் எங்கே இருக்கிறது, அதில் யாருடைய கையொப்பம் (வெளியிட்டவர் யார் என்று காட்டும் மின்னிலக்க முத்திரை) இருக்கிறது.

முதலில் எளிய வழி. மவுஸைச் சின்னத்தின் மேல் கொண்டுபோய் அழுத்தாமல் நிறுத்துங்கள். ஒரு நொடியில் சிறு பெட்டியில் பெயர் வரும். பாதிப் பேருக்கு விஷயம் இங்கேயே முடிந்துவிடும். பெயர் வராவிட்டால் மவுஸின் வலது பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘அபவுட்’ என்று ஒரு வரி இருந்தால் அதில் பெயரும் பதிப்பும் இருக்கும். சில வேளை மவுஸை மேலே கொண்டுபோனதும் சின்னமே மாயமாகிவிடும். பலர் இதைத்தான் பெரிய மர்மமாகச் சொல்வார்கள். ஒரு நிரல் ஒழுங்காக மூடினால் தன் சின்னத்தை அகற்றும்படி பணிப்பட்டையிடம் சொல்லிவிட்டுப் போகும். பாதியில் செத்துப்போனால் சொல்ல ஆள் இல்லை. சின்னம் மட்டும் அங்கேயே கிடக்கும். மவுஸ் அதைத் தொடும்போதுதான் பணிப்பட்டை தன் பட்டியலைச் சரிபார்த்து, உரிமையாளர் இல்லை என்று கண்டு, அழித்துவிடும். ஆவி இல்லை, அலட்சியமான நிரல்.

அடுத்தது செட்டிங்ஸ். பணிப்பட்டையின் காலியான இடத்தில் வலது பொத்தானை அழுத்தி ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ திறங்கள். விண்டோஸ் 11இல் ‘அதர் சிஸ்டம் ட்ரே ஐகான்ஸ்’ என்ற பகுதியை விரித்தால் ஒவ்வொரு சின்னத்துக்கும் எதிரே பெயரும், காட்டவா மறைக்கவா என்ற பொத்தானும் இருக்கும். சந்தேகத்துக்குரியதை அணைத்துப் பாருங்கள். மூலையிலிருந்து அது நகர்ந்தால் ஆள் சிக்கிவிட்டது. இங்கே இரண்டு விஷயம். அந்தப் பட்டியலில் எப்போதோ நீக்கிவிட்ட மென்பொருள்களின் பெயர்களும் தங்கியிருக்கும். அவற்றைக் கண்டு புதிதாகப் பயப்பட வேண்டாம். மேலும், அந்தப் பொத்தானால் சின்னம்தான் மறையும், நிரல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். சின்னத்தை மறைத்துவிட்டு “வைரஸை எடுத்துவிட்டேன்” என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.

பெயர் கிடைத்தும் நம்பிக்கை வரவில்லை என்றால் கோப்பைத் தேட வேண்டியதுதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்கே அந்தப் பெயரில் ஓடும் நிரலின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘ஓப்பன் ஃபைல் லொகேஷன்’ என்று கொடுத்தால் கோப்பு இருக்கும் இடத்துக்கே கொண்டுபோய் விடும்.

டாஸ்க் மேனேஜரில் எது எதனுடையது என்று புரியவில்லையா? விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இன்னொரு குறுக்குவழி இருக்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகளைக் காட்டும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ‘கரண்ட் யூசர்’ கிளையில் ‘கண்ட்ரோல் பேனல்’, அதற்குள் ‘நோட்டிஃபைஐகான்செட்டிங்ஸ்’ என்ற உறைக்கு (ஃபோல்டர்) போங்கள். நீண்ட எண்களைப் பெயராகக் கொண்ட பல உறைகள் வரிசையாக இருக்கும். மூலையில் ஒருமுறையாவது தலைகாட்டிய ஒவ்வொரு சின்னத்துக்கும் ஓர் உறை. ஒவ்வொன்றையும் தொட்டால் வலப்பக்கம் ‘எக்ஸிக்யூட்டபிள் பாத்’ என்ற வரியில் அந்தச் சின்னத்தைப் போட்ட கோப்பின் முழு முகவரி எழுதியிருக்கும். குற்றப்பத்திரிகையே தயாராக இருக்கிறது. படித்துவிட்டு மூடிவிடுங்கள், அங்கே எதையும் மாற்றவோ அழிக்கவோ வேண்டாம்.

கணினி தெரிந்தவர்கள் சிலர் ‘பிராசஸ் எக்ஸ்ப்ளோரர்’ என்ற கருவியைப் பரிந்துரைப்பார்கள். மார்க் ருசினோவிச் எழுதியது. அவருடைய சிஸ்இன்டர்னல்ஸ் கருவித் தொகுப்பை 2006இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியதிலிருந்து அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது. அதில் துப்பாக்கிக் குறி போன்ற ஒரு பொத்தான் உண்டு. அதை இழுத்துவந்து ஒரு சன்னலின் மேல் விட்டால் அந்தச் சன்னலைத் திறந்த நிரலைக் காட்டிக்கொடுக்கும். அருமையான கருவிதான். ஆனால் மூலைச் சின்னத்தின் மேல் விட்டால் எப்போதும் ‘எக்ஸ்ப்ளோரர்’ என்றே சொல்லும். சின்னத்தைத் திரையில் வரைந்துவைப்பது விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர், நிரல் அல்ல. சின்னத்தை அழுத்தியதும் ஏதாவது சன்னல் திறந்தால், அந்தச் சன்னலின் மேல் விடுங்கள். அப்போது உண்மை வரும்.

கோப்பு கிடைத்துவிட்டது. இனி அதன் இடம். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உறைக்குள் இருந்தால், நிர்வாகி உரிமை கொடுத்து யாரோ முறையாக நிறுவியிருக்கிறார்கள் என்று பொருள். பயனரின் ‘ஆப்டேட்டா’ உறைக்குள் இருந்தால் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆனால் ஜூம் போன்ற நல்ல மென்பொருள்களும் அங்கே குடியிருப்பதுண்டு, அதனால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. தற்காலிகக் கோப்புகளுக்கான ‘டெம்ப்’ உறையிலிருந்து ஓடினால் எனக்கு உடனே சந்தேகம் வரும். விண்டோஸின் சொந்த நிரலின் பெயரை வைத்துக்கொண்டு, விண்டோஸ் உறைக்கு வெளியே எங்கேயோ இருந்தால் பெரும்பாலும் கெட்டதுதான்.

கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி ‘பிராப்பர்ட்டீஸ்’ பாருங்கள். ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும். அது யார் வேண்டுமானாலும் எழுதக்கூடியது. ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பக்கம் இருந்தால் அதுதான் கனமானது. கையொப்பமிட்டவரின் பெயரும், கையொப்பம் செல்லும் என்ற உறுதியும் அங்கே கிடைக்கும். அதோடு கோப்பு உருவான தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘சனிக்கிழமை மாலை ஆறரை’ என்று வந்தால், அன்று மாலை வீட்டில் யார் வந்திருந்தார்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். குடும்பக் கணினியில் எந்த வைரஸ் தடுப்பு மென்பொருளையும்விட இந்தத் தேதி அதிகம் பேசும்.

கையொப்பம் பற்றி ஒரு குழப்பம் எப்போதும் வரும். கையொப்பம் இல்லாதது எல்லாம் தீயது அல்ல. அதற்கான சான்றிதழை ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். தமிழுக்காகத் தனி ஆள் எழுதி இலவசமாகக் கொடுத்த சிறு கருவிகள் பல கையொப்பம் இல்லாமலே உலவுகின்றன. கையொப்பம் இருப்பது எல்லாம் நல்லதும் அல்ல. இதற்கு உதாரணத்தைப் பிறகு சொல்கிறேன், அதுதான் உண்மையிலேயே பயப்பட வேண்டிய இடம்.

இன்னும் ஐயம் தீராவிட்டால் கோப்பை ‘வைரஸ்டோட்டல்’ தளத்தில் ஏற்றிப் பார்க்கலாம். 2012 முதல் கூகலுக்குச் சொந்தமான தளம். பல பத்து வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் சோதித்துக் கருத்துச் சொல்லும். நிரல் கோப்பை மட்டும் ஏற்றுங்கள். மகளின் கட்டுரையையோ வங்கி அறிக்கையையோ ஏற்ற வேண்டாம். அங்கே ஏற்றியது பாதுகாப்பு நிறுவனங்கள் பலவற்றின் கைக்கும் போகும். தட்டச்சு மென்பொருளை ஏற்றினால் எழுபது பேரில் ஒன்றிரண்டு பேர் சிவப்புக் கொடி காட்டுவது நடக்கும். அதற்குக் காரணம் அந்த மென்பொருளின் தொழிலிலேயே இருக்கிறது. நீங்கள் தட்டும் ஒவ்வொரு விசையையும் இடைமறித்து, அதற்குப் பதிலாகத் தமிழ் எழுத்தை வைத்துத் திருப்பி அனுப்புவதுதான் அதன் வேலை. கடவுச்சொல்லைத் திருடும் நிரலும் முதல் பாதியை அப்படியேதான் செய்கிறது. பார்க்கிற இயந்திரத்துக்கு இரண்டும் ஒரே சாயலில் தெரியும்.

இதையே திருப்பிப் பார்த்தால் இன்னொன்று புரியும். தட்டச்சு மென்பொருள் நல்லதாகவே இருந்தாலும், அது உங்கள் வங்கிக் கடவுச்சொல் உட்பட எல்லா விசைகளையும் தொட்டுவிட்டுத்தான் அனுப்புகிறது. அதனால் எங்கிருந்து இறக்கினார்கள் என்பது முக்கியம். வெளியிட்டவரின் சொந்தத் தளத்திலிருந்தா, அல்லது ‘இலவசப் பதிவிறக்கம்’ என்று பச்சைப் பொத்தான்கள் நாலு காட்டும் ஏதோ தளத்திலிருந்தா? இரண்டாவது என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், நீக்கிவிடுவேன்.

உண்மையில் இன்று தனித் தட்டச்சு மென்பொருளுக்குத் தேவை மிகக் குறைவு. விண்டோஸ் 11இலேயே தமிழ்99, அஞ்சல், ஒலிபெயர்ப்பு என்ற மூன்று விசைப்பலகைகளும் இருக்கின்றன. செட்டிங்ஸில் ‘டைம் அண்ட் லாங்வேஜ்’ பகுதிக்குப் போய்த் தமிழைச் சேர்த்து, அதன் கீழ் வேண்டிய விசைப்பலகையைச் சேர்த்தால் போதும். விண்டோஸ் விசையையும் இடைவெளிப் பட்டையையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். இப்போது எந்த மொழி என்பது கடிகாரத்துக்குப் பக்கத்தில் எழுத்தாகவே தெரியும். மாமனார் எந்த விசைப்பலகைக்குப் பழகியிருக்கிறார் என்று கேட்டுக்கொண்டு அதையே வையுங்கள். விரல் பழக்கத்தை மாற்றச் சொன்னால் வீட்டில் அமைதி இருக்காது. 1997இல் தமிழ் இணைய மாநாடுகளின் வரிசை இந்தச் சிங்கப்பூரில்தான் தொடங்கியது, 1999இல் சென்னையில் கூடியபோதுதான் தமிழ்99 உருவானது. அதற்கு முன்பே தட்டச்சுப் பொறியில் பழகிய பெரியவர்களிடம் எந்த விசைப்பலகை நல்லது என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

மணியை விடுங்கள், இதே பயத்தோடு மற்றவர்கள் காட்டும் சின்னங்களில் பெரும்பாலானவை விண்டோஸே கொண்டுவந்து வைத்தவை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், பலர் 11க்கு மாறினார்கள். மறுநாள் காலையில் எல்லாமே அந்நியமாகத் தெரிந்திருக்கும். இடது ஓரத்தில் சூரியனும் மேகமும் வெப்பநிலையும் காட்டுவது ‘விட்ஜெட்ஸ்’. தேடல் பெட்டிக்குள் ஒரு நாள் பூ, ஒரு நாள் விலங்கு, ஒரு நாள் ராக்கெட் என்று மாறிக்கொண்டிருக்கும் சின்னப் படம் ‘சர்ச் ஹைலைட்ஸ்’. தினமும் மாறுவதாலேயே வைரஸ் என்று நினைக்க வைக்கும். சிறிய அம்புக்குறி தோன்றி மறைந்தால் ஏதோ ஒரு செயலி உங்கள் இருப்பிடத்தைக் கேட்டிருக்கிறது. ஒலிவாங்கி தோன்றினால் எதுவோ கேட்டுக்கொண்டிருக்கிறது. மவுஸை மேலே வைத்தால் எது என்று பெயரைச் சொல்லும். இந்த இரண்டையும் மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். காணொளிக் கூட்டம் எதுவும் இல்லாதபோது ஒலிவாங்கி தெரிந்தால் கட்டாயம் பாருங்கள். மேகம் ஒன்டிரைவ். அதில் குறுக்குக் கோடு இருந்தால் உள்நுழையவில்லை என்று பொருள், வேறொன்றுமில்லை. இலை தெரிந்தால் மின்சேமிப்பு. அச்சுப்பொறி தெரிந்தால் எப்போதோ அனுப்பிய தாள் இன்னும் வரிசையில் காத்திருக்கிறது.

வலது கீழ் மூலையில் “உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்” என்று அட்டை அட்டையாக எழும்பினால், அது பெரும்பாலும் சின்னமும் இல்லை, வைரஸும் இல்லை. ஏதோ ஓர் இணையதளம் “அறிவிப்பு அனுப்பலாமா?” என்று கேட்டபோது யாரோ ‘அலவ்’ என்று அழுத்தியிருக்கிறார்கள். அட்டையின் ஓரத்தில் தளத்தின் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். குரோமிலோ எட்ஜிலோ அமைப்புகளுக்குள் போய் அந்தத் தளத்தின் அறிவிப்பு அனுமதியை நீக்கினால் நின்றுவிடும். அட்டையை மட்டும் அழுத்திவிடாதீர்கள்.

இப்போது பயப்பட வேண்டியதைச் சொல்கிறேன். பொதுவாகத் திருடன் மணியடித்துக்கொண்டு வருவதில்லை. கடவுச்சொல் திருடும் நிரல் மூலையில் சின்னம் போட்டுத் தன்னைக் காட்டிக்கொள்ளாது. விதிவிலக்கு ஒன்று உண்டு: தொலைவிலிருந்து கணினியைக் கையாளும் மென்பொருள். எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் முறையான நிறுவனங்கள் வெளியிடுபவை. செல்லத்தக்க கையொப்பம் இருக்கும், வைரஸ்டோட்டலில் பச்சையாகத் தெரியும், ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ உறைக்குள் கண்ணியமாக உட்கார்ந்திருக்கும். மேலே சொன்ன எல்லாச் சோதனையிலும் தேறிவிடும். எனிடெஸ்க்கின் சின்னம் சிவப்புப் பின்னணியில், டீம்வியூவருடையது நீலத்தில் இருபுறமும் பாயும் அம்புகளோடு. அலுவலகத் தொழில்நுட்ப உதவியாளர்கள் அன்றாடம் பயன்படுத்துபவை. மோசடிக்காரர்களும் அதே காரணத்துக்காகத்தான் அவற்றை விரும்புகிறார்கள்.

கதை ஏறத்தாழ ஒரே மாதிரி நடக்கும். இணையத்தில் எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது திரை முழுவதும் எச்சரிக்கை, கூடவே ஒரு தொலைபேசி எண். அல்லது உங்கள் இணையச் சேவையில் கோளாறு என்று ஓர் அழைப்பு. மறுமுனையில் மிகப் பொறுமையான குரல். ‘ஒரு சின்ன மென்பொருளை இறக்குங்கள் ஐயா, நான் பார்த்துச் சரிசெய்கிறேன்.’ திரையில் தோன்றும் எண்ணைப் படித்துச் சொல்லி அனுமதி கொடுத்ததும் மவுஸ் அவர் கைக்குப் போய்விடும். பிறகு ‘சரிபார்ப்பதற்காக’ வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். 2024இல் சிங்கப்பூரில் எல்லா வகை மோசடிகளிலும் பறிபோன தொகை 110 கோடி வெள்ளிக்கு மேல். இந்த வகையும் அதில் அடக்கம். மைக்ரோசாஃப்ட் தன் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண்ணைக் கொடுப்பதே இல்லை. எண் இருந்தால் பொய்.

ஆகவே மாமனாரிடம் கேட்கும்போது “என்ன நிறுவினீர்கள்?” என்று கேட்காதீர்கள். “யாராவது போன் பண்ணினார்களா அப்பா?” என்று கேளுங்கள். குற்றம் சுமத்தும் குரலில் கேட்டால் உண்மை வராது. வெட்கத்தில் மறைத்த பெரியவர்களின் கணக்கிலிருந்துதான் மறுநாளும் பணம் போகிறது.

மூலையில் அப்படிப்பட்ட சின்னம் இருந்து, யாரோ அழைத்ததும் உண்மை என்றால், உடனே வைஃபையைத் துண்டியுங்கள். அதற்கு முன் திரையைக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது புகார் கொடுக்க உதவும். வேறொரு சாதனத்திலிருந்து வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணை அழையுங்கள். இங்குள்ள முக்கிய வங்கிகள் வாடிக்கையாளரே தம் கணக்கை உடனடியாக முடக்கும் அவசர வசதியை வைத்திருக்கின்றன. தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள். சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்), மின்னஞ்சல் கடவுச்சொற்களை அதே வேறு சாதனத்தில் மாற்றுங்கள். மோசடியா இல்லையா என்றே குழப்பமாக இருந்தால் 1799 என்ற ஸ்கேம்‌ஷீல்டு உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். பணம் போயிருந்தால் காவல்துறையில் புகார். மென்பொருளை நீக்குவது இதற்கெல்லாம் பிறகு வரும் வேலை. நீக்கினால்கூட அந்தக் கணினியை நான் அப்படியே நம்ப மாட்டேன். கோப்புகளைப் பிரதியெடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவச் சொல்வேன்.

இன்னொரு சாத்தியத்தையும் கேட்டு வையுங்கள். மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள் என்கிறீர்கள். ‘வீட்டுக் கணினி’ என்பது பள்ளி வழியாக வாங்கிய கற்றல் சாதனம்தானா? அப்படியானால் அதில் கல்வி அமைச்சு ஏற்பாட்டின்படி சாதன நிர்வாக மென்பொருள் இருக்கும். ஆசிரியர் வகுப்பில் திரையைக் கண்காணிப்பதும், சில தளங்களைத் தடுப்பதும் அதன் வழியாகத்தான். அதன் சின்னத்தைக் கண்டு பயந்து நீக்க முயல வேண்டாம், பள்ளியிடம் கேளுங்கள். அலுவலகம் கொடுத்த கணினிக்கும் இதே விதிதான். அதில் இனம் தெரியாத சின்னங்கள் ஐந்தாறு இருப்பது இயல்பு. அவை நிறுவனத்தின் காவலாளிகள். நீங்கள் துப்பறிய வேண்டியதில்லை, தொழில்நுட்பப் பிரிவுக்கு ஒரு வரி மின்னஞ்சல் போதும். பள்ளிக் கணினியில் தாத்தாவுக்காகத் தட்டச்சு மென்பொருள் போட்டிருந்தால் மட்டும் அதை எடுத்துவிடுங்கள். அது அவளுடைய பாடத்துக்கான சாதனம்.

இவ்வளவையும் தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மின்னிலக்கத் தூதர்கள் இருக்கிறார்கள். அவர்களின் முக்கிய வேலை முதியவர்களுக்குக் கைப்பேசிப் பயன்பாட்டைச் சொல்லிக்கொடுப்பது. மாமனாரையும் கூட அழைத்துப் போனால் மோசடி அழைப்புகளைப் பற்றி நீங்கள் சொல்வதைவிட வேறொருவர் சொல்வது காதில் ஏறும்.

சரி, சோதித்துப் பார்த்ததில் நான் சொன்னபடி என்எச்எம் ரைட்டர்தான் என்று உறுதியாகி, மாமனார் “அது எனக்கு வேண்டும்” என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நீக்க வேண்டியதில்லை. டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்டப் ஆப்ஸ்’ பக்கத்துக்குப் போய் அதை ‘டிசேபிள்’ செய்யுங்கள். கணினியைத் திறந்ததும் அது தானாக ஓடாது. வேண்டும்போது அவரே திறந்துகொள்ளலாம். இன்னும் நல்லது, செட்டிங்ஸில் ‘அக்கவுன்ட்ஸ்’ பகுதியில் அவருக்கென்று தனிப் பயனர் கணக்கைத் தொடங்கிக்கொடுங்கள். நிர்வாகி உரிமை இல்லாத சாதாரணக் கணக்கு. அதில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுக்கலாம், விண்டோஸின் தமிழ் விசைப்பலகையை வைக்கலாம், நாளிதழ்ப் பக்கத்தை முகப்பாக வைக்கலாம். யாராவது தொலைபேசியில் எதையாவது நிறுவச் சொன்னாலும் பெரும்பாலான மென்பொருள்கள் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும், அது உங்களிடம் இருக்கும். எனிடெஸ்க் போன்றவை நிறுவாமலேயே ஓடக்கூடியவை என்பதால் இதை முழுப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். மகளின் கணக்கில் ஆங்கில விசைப்பலகையை மட்டும் விட்டுவையுங்கள். தமிழ்ப் பாடத்துக்கு அவளும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தால், பள்ளியில் எந்த விசைப்பலகையைப் பழக்குகிறார்கள் என்று கேட்டு அதையே சேர்த்துவிடுங்கள்.